மூளையில் சீழ்க்கட்டி: குழந்தைகளைக் காக்கும் சிகிச்சை

குழந்தைகளுக்குக் காதில் சீழ் வடிவது சாதாரணமான ஒன்று, வளர வளரத் தானாக நின்றுவிடும் என்னும் எண்ணம் நம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக வேரூன்றி இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெயிலேறும் வரை பால் வெட்டி, பின்னர் பாலெடுத்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் தாய் தந்தையருக்கு, குழந்தையின் காதில் தோன்றும் சிறிது ஈரம் பெரிய செய்தியாகப் படாதது வியப்பன்று. பஞ்சினால் துடைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கச் செல்கின்றனர்.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் தகுந்த மருந்தினால் அக்காது குணமடைந்து விடுகிறது என்பது உண்மையே. ஆயினும், கவனியாமல் விடப்பட்ட காதுச் சீழ் சில வேளைகளில் எலும்பைக் கடந்து மூளையைச் சென்றடைகிறது. அங்கே அது கட்டியாகத் திரண்டு, உயிருக்கே உலை வைக்கிறது. இதனையே மூளைச் சீழ்க்கட்டி என்கிறோம். இது அடிக்கடி வரும் நோயன்று. ஆனால், வந்துவிட்டால் நாள் கணக்கில் காத்திருக்க இடங்கொடுக்காத நோய். அதே சமயம், காலத்தோடு மருத்துவமனையை அடைந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும் நோயுமாகும். இவ்விரண்டு உண்மைகளையும் தோட்டப்புறப் பெற்றோர் ஒருங்கே அறிந்திருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சீழ்க்கட்டி என்பது யாது?

கையிலோ காலிலோ முள் தைத்து, அவ்விடம் சிவந்து வீங்கிப் பழுத்துக் கட்டியாவதை நாம் பார்த்திருக்கிறோம். கிருமிகள் உட்புகுந்தவுடன் உடல் அவற்றை எதிர்த்துப் போரிடுகிறது. அப்போரில் மடிந்த இரத்த வெள்ளணுக்களும், மடிந்த கிருமிகளும், அழிந்த தசையும் சேர்ந்ததே சீழ். கையில் வந்த கட்டி வெளிநோக்கிப் பழுத்து உடைகிறது, சீழ் வெளியேறுகிறது, புண் ஆறுகிறது.

மூளையில் தோன்றும் கட்டிக்கு அத்தகைய வழி இல்லை. மூளை கெட்டியான மண்டையோட்டுக்குள் அடைபட்டிருக்கிறது. மூடி இறுக்கிய தகரப் பெட்டியினுள் ஒரு பொருள் வீங்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் மற்றவை நசுங்குவது போல, கட்டி பெருக்கப் பெருக்க அதைச் சூழ்ந்துள்ள மூளை நசுக்கப்படுகிறது. தலையினுள் அழுத்தம் மிகுகிறது. கடுமையான தலைவலியும் வாந்தியும் மயக்கமும் இவ்வழுத்தத்தின் விளைவுகளே.

மூளையிற் கிருமி புகுந்த முதற்சில நாட்களில் கட்டி உருவாவதில்லை. மூளையின் ஒரு பகுதி அழற்சியுற்று வீங்கியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரங்களில் நடுப்பகுதி சீழாகி, அதனைச் சுற்றி ஓர் உறை அமைந்து விடுகிறது. இவ்வுறை கிருமிகள் பரவாமல் தடுக்க உடல் எழுப்பும் வேலியாகும். ஆயினும் அவ்வேலியே, பின்னர் நாம் கொடுக்கும் மருந்து எளிதில் உள்ளே செல்ல முடியாதபடியும் தடுத்து விடுகிறது. உறை வெடித்து, மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளுக்குள் சீழ் பாய்ந்து விட்டாலோ உயிருக்குப் பேராபத்து நேருகிறது. ஆகவேதான் இந்நோயில் ஒவ்வொரு நாளும் மதிப்புடையது.

கிருமி எவ்வழியே வருகிறது?

கிருமி மூளைக்குச் செல்லும் வழிகள் பல. அவற்றுள் தோட்டப்புறப் பெற்றோர் கண்ணால் கண்டு தடுக்கக் கூடியவை சில உள. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, காது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்னும் சிற்றறை இருக்கிறது. அதற்கு மேலே மூளை. இரண்டிற்கும் இடையே இருப்பது முட்டையோடு போன்ற மெல்லிய எலும்பே. காதின் பின்புறம் தடவினால் தட்டுப்படும் எலும்பின் உள்ளேயும் தேன்கூடு போலச் சிறுசிறு காற்றறைகள் உண்டு. மாதக் கணக்கில் சீழ் தேங்கும் காதில், இவ்வெலும்பு மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. பின்னர்க் கிருமி மேல்நோக்கிச் சென்றால் காதுக்கு மேலுள்ள மூளைப் பகுதியிலும், பின்னோக்கிச் சென்றால் நடையையும் சமநிலையையும் காக்கும் சிறுமூளையிலும் கட்டி உண்டாகிறது.

இரண்டாவது, மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகள். நீடித்த சளியினால் நெற்றி எலும்பின் அறையில் சீழ் கட்டிக்கொள்வதுண்டு. பெரிய பிள்ளைகளிடத்தில் நெற்றி வீக்கமும், கண்ணிமை வீக்கமும், காய்ச்சலும் கண்டால் இதனை ஐயுற வேண்டும்.

மூன்றாவது, பிறவியிலேயே இருதயத்தில் கோளாறுடைய பிள்ளைகள். உடலைச் சுற்றிவந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று திரும்பும்போது, அங்கே பல கிருமிகள் வடிகட்டப்பட்டு விடுகின்றன. சில பிறவிக் கோளாறுகளில் இரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலுக்குச் செல்லாமல் நேரே உடலுக்குள் பாய்கிறது. அத்தகைய பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கும். சிறிது ஓடி விளையாடியவுடன் மூச்சு வாங்கிக் குந்தி உட்கார்ந்து கொள்ளும். இப்பிள்ளைகளுக்கு மூளையிற் கட்டி வரும் அபாயம் மற்றப் பிள்ளைகளைக் காட்டிலும் மிக அதிகம். இவர்களுக்குத் தலைவலியும் காய்ச்சலும் கண்டால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி வீட்டில் வைத்திருத்தல் ஆகாது.

நான்காவது, சொத்தைப் பற்களும் ஈறுகளில் கட்டும் சீழும். ஐந்தாவது, மண்டையோடு வரை ஆழமாகப் பட்ட தலைக்காயம். கைக்குழந்தைகளிடத்தில், மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஏற்படும் கடுமையான காய்ச்சல் நோயைத் தொடர்ந்தும் கட்டி தோன்றுவதுண்டு. சில பிள்ளைகளிடத்தில், எவ்வளவு ஆராய்ந்தும் கிருமி வந்த வழி புலப்படுவதில்லை.

அறிய வேண்டிய அடையாளங்கள்

தலைவலி, காய்ச்சல், உடலின் ஒரு பகுதி செயலிழத்தல் ஆகிய மூன்றும் இந்நோயின் முக்கிய அடையாளங்கள் என்று மருத்துவ நூல்கள் கூறும். ஆனால், இம்மூன்றும் ஒன்றாகக் காணப்படுவது சிலரிடத்தில் மட்டுமே. காய்ச்சல் அறவே இல்லாமலும் கட்டி இருக்கக்கூடும். ஆகையால் பின்வருவனவற்றுள் எதனையும் அலட்சியம் செய்தல் கூடாது.

தலைவலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போதல். இரவில் உறக்கத்திலிருந்து பிள்ளையை எழுப்பிவிடும் தலைவலி. வயிற்றுக் கோளாறு ஏதும் இன்றியே வாந்தி எடுத்தல், சிறப்பாகக் காலையில் எழுந்தவுடன் எடுத்தல். வழக்கத்திற்கு மாறாகத் தூங்கி விழுதல், எழுப்பினாலும் தெளிவில்லாமல் இருத்தல். முன்பு வலிப்பே வராத பிள்ளைக்கு வலிப்பு வருதல். ஒரு கை அல்லது ஒரு கால் வலுவிழத்தல். கையிற் பிடித்த கோப்பை நழுவுதல். கள்ளுண்டவர் போல் தள்ளாடி நடத்தல். பேச்சுக் குழறுதல், பார்வை இரண்டாகத் தெரிதல். காதின் பின்புறம் சிவந்து வீங்கிக் காது முன்தள்ளி நிற்றல்.

பேசத் தெரியாத கைக்குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. உச்சிக்குழி புடைத்து இறுகுதல், பால் குடிக்க மறுத்தல், தூக்கினாலும் அடங்காத அழுகை, தலை விரைவாகப் பெருத்தல் ஆகியவை அதன் மொழியாகும்.

இங்கே ஒரு செய்தியைத் தாய்மார்கள் சிறப்பாக மனத்திற் கொள்ள வேண்டும். நெடுநாள் சீழ் வடிந்த காது திடீரென்று வறண்டு, அதே சமயத்தில் தலைவலியும் காய்ச்சலும் கூடினால், காது குணமாயிற்று என்று மகிழ்தல் ஆகாது. வெளியே வந்துகொண்டிருந்த சீழ் உட்புறமாக வழி தேடிக்கொண்டதன் அடையாளமாக அது இருக்கக்கூடும்.

உடனே செய்ய வேண்டியவை

மேற்கூறிய அடையாளங்கள் கண்டவுடன் பிள்ளையை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தோட்டத்தில் மருந்தகம் இருப்பின் டிரஸரிடம் கூறி வாகனத்திற்கு ஏற்பாடு செய்து கொள்ளலாம். இல்லையேல் 999 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம். மாலை வேலை முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று தள்ளிப் போடும் நோயன்று இது. பனடோல் கொடுத்து இரவைக் கழித்துவிடலாம் என்று எண்ணுவதும் தவறு. பனடோல் வலியை மறைக்கலாம், சீழை அகற்றாது.

வலிப்புக் கண்ட பிள்ளைக்குக் காற்றுக் கருப்புப் பட்டுவிட்டது என்று கருதி, மந்திரிப்பதற்காக வேறிடம் கொண்டு செல்வோர் இன்றும் சிலர் உளர். எவருடைய நம்பிக்கையையும் பழிப்பது நம் நோக்கமன்று. நெற்றியில் விபூதி இடுவதற்கு ஒரு நொடி போதும். அதனை இட்டுக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படலாம். ஆனால், மந்திரிப்பதற்காக மருத்துவத்தை ஒரு நாளேனும் ஒத்திவைத்தல் பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் கரண்டியோ துணியோ திணிக்கலாகாது, தண்ணீர் ஊற்றலாகாது. கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயன் ஏதும் இல்லை. வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதே பயனுடைய செயல்.

மருத்துவமனைக்குச் செல்கையில் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், இதுவரை கொடுத்த மருந்துகளின் உறைகள் ஆகியவற்றை உடன்கொண்டு செல்க. காதில் சீழ் எப்போது தொடங்கியது, தலைவலி எந்நாளில் வந்தது என்பவற்றை மறைக்காமல் கூறுக. கவனிக்காமல் விட்டதற்காக மருத்துவர் கடிந்து கொள்வாரோ என்று அஞ்சி உண்மையை மறைத்தால், நோயைக் கண்டறியும் நேரம் வீணாகும்.

மருத்துவமனையில் நடப்பது என்ன?

முதலில் மருத்துவர் பிள்ளையின் தெளிவு, கண்மணி, கை கால்களின் வலு, காது, பல், இருதயம் ஆகியவற்றைச் சோதிப்பார். இரத்தம் எடுக்கப்படும். பின்னர்ச் சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. என்னும் கருவியால் தலையின் உட்புறம் படமெடுக்கப்படும். இப்படத்தில் சீழ்க்கட்டி பெரும்பாலும் மோதிரத்தைப் போல ஒரு வளையமாகத் தெரியும். படம் எடுப்பதால் வலி ஏதும் இல்லை. சிறு பிள்ளைகள் அசையாதிருக்கும் பொருட்டு மயக்க மருந்து கொடுப்பதுண்டு.

சில காய்ச்சல் நோய்களில் முதுகெலும்பின் இடையே ஊசியிட்டு நீரெடுத்துச் சோதிப்பது வழக்கம். மூளையிற் கட்டி உண்டென்று ஐயம் எழுந்தால் மருத்துவர்கள் இதனைத் தவிர்ப்பர். தலையினுள் அழுத்தம் மிகுந்திருக்கையில் கீழே நீரை எடுத்தால் மூளை கீழ்நோக்கி நழுவி ஆபத்து விளையக்கூடும்.

இக்கருவி வந்த பின்னரே இந்நோயின் வரலாறு மாறியது. 1971ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் மூலம் படமெடுக்கப்பட்டது. இதனை உருவாக்கிய காட்பிரி ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறியியலாளர் 1979ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். 1960ஆம் ஆண்டுகளில் மூளைச் சீழ்க்கட்டி கண்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை மாண்டனர். 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் இவ்விழப்பு நூற்றுக்குப் பத்து என்னும் அளவுக்குக் குறைந்துள்ளது. நூற்றுக்கு எழுபது பேர் நல்ல முறையில் தேறுகின்றனர்.

சிகிச்சை இரண்டு கைகளால் செய்யப்படுவதாகும். ஒரு கை மருந்து. மறு கை அறுவை. கிருமிக்கொல்லி மருந்துகள் (ஆண்டிபயாட்டிக்) நரம்பின் வழியாக ஏற்றப்படுகின்றன. ஒரே கட்டியில் பலவகைக் கிருமிகள் கலந்திருக்கக் கூடுமாதலால், செப்டிரையாக்சோன், மெட்ரோனிடசோல் முதலிய மருந்துகள் ஒன்றுக்கு மேற்பட்டவையாகச் சேர்த்துக் கொடுக்கப்படுவது வழக்கம். வலிப்பைத் தடுக்கும் மருந்தும், தேவையானால் மூளை வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் தரப்படும்.

கட்டி சிறியதாகவோ, உறை கட்டாத தொடக்க நிலையிலோ இருந்தால் மருந்து மட்டுமே போதுமானதாகலாம். ஏறக்குறைய இரண்டரைச் சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியாயின், சீழை வெளியேற்றுவதே பெரும்பாலும் தக்க வழியாகும். பிள்ளையை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, மண்டையோட்டில் ஒரு சிறு துளையிட்டு, படத்தின் துணைகொண்டு இடத்தைக் குறிபார்த்து, ஊசியைச் செலுத்திச் சீழ் உறிஞ்சப்படுகிறது. அழுத்தம் உடனே தணிகிறது. எடுத்த சீழ் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பப்பட்டு, எந்தக் கிருமி, அதனை எந்த மருந்து கொல்லும் என்பது கண்டறியப்படுகிறது. சில சமயங்களில் சீழ் மீண்டும் சேர்வதால் இரண்டாம் முறை எடுக்க நேரிடும். சில கட்டிகளை உறையோடு முழுமையாக அகற்ற வேண்டியும் வரும்.

இத்தகைய சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. மாவட்ட மருத்துவமனை பிள்ளையைக் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற நகரங்களிலுள்ள, மூளை அறுவை நிபுணர்கள் பணியாற்றும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கும். இங்கே கைவிட்டுவிட்டார்கள், அதனால்தான் அனுப்புகிறார்கள் என்று பெற்றோர் கலங்க வேண்டுவதில்லை. தகுந்த கைகளில் ஒப்படைப்பதற்கே அனுப்புகிறார்கள்.

கையெழுத்திடத் தயங்கலாமா?

தலையில் அறுவை என்றவுடன் பெற்றோர் நடுங்குவது இயற்கை. பிள்ளையின் புத்தி கெட்டுவிடுமோ, இனிப் படிப்பு வருமோ, கத்தி வைக்காமலே பார்க்க முடியாதோ என்று பலவாறாக எண்ணுவர். பாட்டியையும் மாமனையும் கேட்டுச் சொல்கிறோம் என்று கையெழுத்தை ஒத்திவைப்போரும் உண்டு. இவ்விடத்தில் ஒரு வரலாற்றை எடுத்துக் கூற விரும்புகிறோம்.

1876ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், வில்லியம் மெக்யூவன் என்னும் இளம் அறுவை மருத்துவர் ஒரு சிறுவனைப் பார்வையிட்டார். ஸ்கேன் கருவி இல்லாத காலம் அது. கிருமிக்கொல்லி மருந்துகளும் இல்லை. சிறுவனின் பேச்சும் கை கால்களும் பாதிக்கப்பட்டிருந்த முறையைக் கொண்டே, மூளையின் இன்ன பகுதியில் சீழ்க்கட்டி இருக்கிறது என்று அவர் கணித்தார். மண்டையோட்டைத் துளைத்துச் சீழை அகற்ற அனுமதி கேட்டார். சிறுவனைச் சேர்ந்தவர்கள் அனுமதி தரவில்லை. சிறுவன் இறந்தான். பின்னர்ச் சோதித்துப் பார்த்தபோது, அவர் குறிப்பிட்ட அதே இடத்தில் கட்டி இருந்தது.

மெக்யூவன் மனந்தளரவில்லை. 1893ஆம் ஆண்டில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். மூளைச் சீழ்க்கட்டிக்காக அவர் அறுவை செய்த 19 பேரில் 18 பேர் பிழைத்திருந்தனர். படமும் மருந்தும் இல்லாத அக்காலத்திலேயே, சீழை வெளியேற்றுவது எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதை இது காட்டுகிறது. அச்சிறுவனின் உறவினர் அவன்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர். அச்சமே அவர்களைத் தடுத்தது. கட்டியின் இடத்தைப் படத்தில் கண்முன் காட்டக்கூடிய இந்நாளில், அதே அச்சம் ஒரு பிள்ளையின் உயிரைப் பறிக்க நாம் இடங்கொடுக்கலாமா?

அறுவையில் அபாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. இரத்தக் கசிவு, வலிப்பு போன்றவை நேரக்கூடும். ஆனால், பெரிய கட்டியை அகற்றாது விடுவதில் உள்ள அபாயம் அதனினும் மிகப் பெரிது. பிள்ளையின் புத்தியைக் கெடுப்பது ஊசி அன்று. மூளையை நசுக்கிக்கொண்டிருக்கும் கட்டியே. பெற்றோர்கள் மருத்துவரிடம் தாராளமாக வினவலாம். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, அறுவை செய்யாவிடில் என்ன நேரும், செய்த பின் எத்தனை நாள் தங்க வேண்டும் என்பவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. மொழி விளங்காவிடில், தமிழ் அறிந்த தாதியையோ ஊழியரையோ உதவிக்கு அழைக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். கேளுங்கள், தெளிவு பெறுங்கள், பின்னர்த் தாமதியாது முடிவு செய்யுங்கள்.

ஆறு வாரம் எதற்கு?

சீழ் எடுத்த சில நாட்களில் காய்ச்சல் தணிகிறது. பத்து நாட்களில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கிறது. பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு விளையாடுகிறது. அப்போதுதான் பெற்றோருக்குச் சோதனை தொடங்குகிறது. பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, இன்னும் எதற்கு ஊசி என்று எண்ணத் தோன்றும். வீட்டிலோ மற்றப் பிள்ளைகள், தோட்டத்திலோ வேலை, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆயினும் மருத்துவர் ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை மருந்து ஏற்ற வேண்டும் என்கிறார்.

லாலான் புல்லை நாம் அறிவோம். மேலே அரிவாளால் அறுத்துவிட்டால் நிலம் சுத்தமானது போலத் தோன்றும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருப்பதால் சில வாரங்களில் முன்னிலும் அடர்த்தியாக முளைத்துவிடும். கிருமிகளும் அத்தகையவையே. காய்ச்சல் தணிந்தது மேற்புல் அறுபட்டதற்கு ஒப்பு. கட்டியின் உறைக்குள் மருந்து மெல்லவே ஊறிச் செல்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிகள் வேரோடு அழியும் வரை மருந்து தொடர வேண்டும். நடுவில் நிறுத்தினால் கட்டி மீண்டும் எழும். அப்போது அது பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

ஆகவே, மருத்துவர் அனுமதியின்றிப் பிள்ளையை வீட்டிற்கு அழைத்துச் செல்லுதல் கூடாது. தாயும் தந்தையும் முறைவைத்துத் தங்கலாம். அத்தை, சித்தி, பெரியம்மா போன்ற உறவினர் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். லயத்தில் அண்டை வீட்டார் இத்தகைய வேளையில் கைகொடுப்பது நம் மக்களின் பழைய பண்பாடு. தோட்ட நிர்வாகத்திடம் நிலைமையை எடுத்துக் கூறி, மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி விடுப்புக் கேட்கலாம். அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதுவும் இயலாதவர்கள், மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகநலப் பணியாளரைக் கண்டு தங்கள் நிலையைத் தெரிவிக்க வேண்டும். வழி தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்படுவது எதற்கும் தீர்வாகாது.

இவ்வாரங்களில் பலமுறை படமெடுத்துக் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பர். காய்ச்சல் இல்லாமை மட்டும் போதாது. படமும் நற்செய்தி கூற வேண்டும்.

வீடு திரும்பிய பின்

வீடு திரும்புதல் சிகிச்சையின் முடிவன்று. வலிப்பு மருந்து தரப்பட்டிருந்தால், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை ஒரு வேளையும் தவறாது கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வலிப்புக் கண்ட பிள்ளையை ஆற்றிலோ குளத்திலோ தனியே குளிக்க விடலாகாது, மரமேற விடலாகாது. மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில் செல்ல வேண்டும்.

கை கால் வலுவிழந்த பிள்ளைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை உண்டு. பயிற்றுநர் கற்றுக்கொடுத்த பயிற்சியைத் தாய் வீட்டிலும் நாள்தோறும் செய்விக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் படிப்பில் கவனம் குறையலாம், விரைவில் களைப்படையலாம். இதனைச் சோம்பல் என்று கருதி அடிப்பது பெருந்தவறு. தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் நோயின் விவரத்தைக் கூறி, பொறுமையோடு நடத்துமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். நோயிலிருந்து மீண்ட பிள்ளையைத் தலையில் ஓட்டை போட்டவன் என்று கேலி பேசுவதைப் பெரியவர்கள் தடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கட்டி ஆறினாலும், அதற்குக் காரணமான காது அப்படியே இருந்தால் கிருமி மீண்டும் அதே வழியில் வரும். ஆகவே காதுக்கு அறுவை வேண்டும் என்று மருத்துவர் கூறினால், பெரிய நோயே தீர்ந்துவிட்டது, இது எதற்கு என்று விட்டுவிடலாகாது. பல்லுக்கும் இருதயத்திற்கும் இதுவே பொருந்தும்.

வருமுன் காத்தல்

காதில் சீழ் கண்டவுடன் தோட்ட மருந்தகத்திலோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ (கிளினிக் கெசிஹாத்தான்) காட்ட வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேலும் வடிந்தால் அது நாட்பட்ட நோயாகிவிட்டது என்று கொள்க. அப்போது காது மருத்துவரின் பார்வை தேவை. சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு ஆகிய எதனையும் ஊற்றலாகாது. கொண்டை ஊசி, கோழி இறகு, தீக்குச்சி ஆகியவற்றால் குடையலாகாது. சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகச் சுருட்டி, காதின் வாயிலில் மெதுவாக வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை இடலாம். குளிக்கும்போது காதினுள் நீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்தலும், அதன் அருகே சுருட்டு, சிகரெட் புகைக்காதிருத்தலும் காது நோயைக் குறைக்கும். தடுப்பூசிகளைத் தவறவிடலாகாது. நிமோனியாவையும் மூளைச்சவ்வுக் காய்ச்சலையும் காது நோயையும் உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி 2020ஆம் ஆண்டு முதல் மலேசியாவின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நாள்தோறும் இருமுறை பல் துலக்கப் பழக்குக. தலைக்காயம் ஆழமாயின், மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாமல், தூய துணியால் அழுத்திக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. உதடு நீலம் பாய்ந்த பிள்ளையை இருதய மருத்துவரிடம் காட்டத் தாமதியாதீர்.

நினைவிற் கொள்க

1. காதுச் சீழ் சாதாரணமானதன்று. இரண்டு வாரத்திற்கு மேல் வடிந்தால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுக.

2. தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, தள்ளாட்டம் ஆகியவற்றுள் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

3. அறுவைக்கு ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, காலந்தாழ்த்தாது இசைவு தருக.

4. பிள்ளை நலமாகத் தோன்றினாலும் மருந்தை முழுக் காலமும் பெறச் செய்க.

5. நோய் வந்த வழியையும் அடைக்க வேண்டும். காது, பல், இருதயம் ஆகியவற்றின் சிகிச்சையை முடித்துக்கொள்க.

இப்பாடத்தைப் படித்த பெற்றோர், எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுவார்களாக. இன்று மாலை வேலை முடிந்து திரும்பியதும், உங்கள் பிள்ளையின் காதை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் நாளையே மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.